பெரியப்பாவை மச்சி என்றழைத்த மருமகள்

தராஸ் நகர உரையாடல் மன்றத்தின் தலைவர் ஔகன் அவர்களே! வாசலுக்கு எதிரே வீற்றிருக்கும் வயதில் மூத்தவர்களே! பேச்சு முடிந்தால் பலகாரம் உண்டு என்று பொறுத்திருக்கும் தாய்மார்களே! கசாக் மொழி கற்க வந்த கண்மணிகளே! வணக்கம்.

அரட்டைக் குழுவில் மொழி சொல்லிக்கொடுப்பவர்கள் இணையக் கொச்சையைத் தொடலாமா, கூடாதா? அதுதான் இன்றைய தீர்மானம். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? தலைவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை ஐயா!

முன்வரிசையில் இருக்கிறார் அலெவ்தினா. தன் கதையைச் சொல்லச் சொன்னவரும் அவரே. ரஷ்ய மொழி பேசி வளர்ந்து, கசாக் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட கொரியப் பெண். ஏடு படித்தார், இலக்கணம் படித்தார். ஆனால் நாத்தனார்களின் அரட்டை புரிந்ததா? இல்லை! சிரித்தால் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததா? இல்லை! சொந்த வீட்டிலேயே ஊமையாக இருந்தார். நம் மன்றத்து மிராஸ் கொச்சை கற்றுக்கொடுத்தான். வாய் திறந்தது. வீடு கலகலத்தது.

பிறகு விருந்து வந்தது. மருமகள் தேநீர் ஊற்ற வேண்டும். மரியாதைக்கு அரைக் கிண்ணம்தான். அதைச் சரியாக ஊற்றிவிட்டு, மாமனாரின் அண்ணனிடம் நீட்டினார்:

"இந்தா மச்சி, டீ!"

கரண்டிகள் நின்றன. மாமியார் ஓருன்குல் மருமகளுக்குப் பரிந்து பாய்ந்தார்.

"பேரச் சொல்லலையே அவ! மருமக பெரியவங்க பேரச் சொல்லக்கூடாது, புதுசா ஒண்ணு வைக்கணும். நான் ஒங்களுக்கு மீசைக்காரர்னு வைக்கலியா?"

"ஒன் மீசைக்காரர்ல மரியாத இருந்துச்சும்மா. இதுல தெருமுனைதான் இருக்கு," என்றார் பெரியவர். கிண்ணத்தைத் தொடவில்லை.

அன்றே அலெவ்தினா குழுவில் எழுதினார்: 'இனி அந்த வீட்டில் ரஷ்ய மொழிதான்.' பதறிப்போனான் மிராஸ்.

"மன்னிச்சிருங்கக்கா, இனிமே கொச்சையே சொல்லித்தர மாட்டேன்."

"போடா லூசு! அது வந்தப்புறந்தான் அந்த வீட்ல என்னைய ஆளா மதிச்சாங்க. எத யார்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நீ ஏன்டா சொல்லல?"

என்ன, பின்வரிசையில் கைதட்டலா? மிராஸின் அம்மாவா? நன்றி அம்மா.

அவையோரே, நம் பந்தியில் மூத்தவருக்கு வாசலுக்கு எதிரே இடம், இளையவருக்கு வாசலோரம் இடம். சொல்லுக்கு மட்டும் இடம் இல்லையா? வாசலோரச் சொல்லை வாசலோரம் வையுங்கள், வீட்டைவிட்டு விரட்டாதீர்கள்! சொல்லைக் கொடுங்கள், அது உட்காரும் இடத்தையும் சேர்த்துக் கொடுங்கள்! அப்படித்தான் மிராஸ் மறுபடி தொடங்கினான். அலெவ்தினாவும் ரஷ்ய மொழிக்குப் போகவில்லை.

அடுத்த விருந்தில், "எடுத்துக்குங்க பெரியப்பா," என்று பணிவாக நீட்டினார். பெரியவர் குடித்தார். வாசல் பக்கம் திரும்பி நாத்தனாரிடம், "மச்சி, அந்த ரொட்டியத் தள்ளு," என்றார் அலெவ்தினா.

பெரியவரின் முகம் சுருங்கியது.

"மச்சியெல்லாம் அவளுக்கு மட்டுந்தானா?"

தடை வேண்டும் என்போர் கை தூக்குங்கள். எண்ணுவது தலைவர் வேலை. பொறுத்துக் கேட்ட பெரியோருக்கு என் நன்றி. பொறுக்காமல் கேட்ட இளையோருக்கும் என் வணக்கம்!