காலியான லைன்

— அப்ப நாளைக்குப் போய் முடியாதுன்னு சொல்லப் போறீங்க, அப்படித்தானே?

— அப்படி எப்பச் சொன்னேன்? யோசிக்கறேன்னுதான் சொன்னேன். காலைச் சுடுதண்ணியில வச்சுட்டு உட்கார்ந்திருக்கறவனை இப்படி நெருக்கினா என்னம்மா பண்ணுவேன்?

— யோசிக்க என்ன இருக்கு? மேனேஜரே கூப்பிட்டு, கவுன்டர் போதும், ஒரு லைன் காலியா இருக்கு, மறுபடி வாங்கன்னு சொல்லியிருக்கார். கடை கடையா ஏறி இறங்கி குழாய்க்கு ஆர்டர் பிடிக்கறது உங்களுக்குப் புதுசா? பதினாறு வருஷம் அதைத்தானே பண்ணீங்க.

— பண்ணேன். அதுக்குக் கிடைச்சதுதான் இந்த முட்டி. பித்தளைக் குழாயை சாம்பிள் பையில போட்டுத் தூக்கித் தூக்கி ஒரு பக்கத் தோள் இறங்கிப் போச்சு. தையல்காரர் அளவு எடுக்கும்போது, நேரா நில்லுங்க சார்ங்கறார். நான் நேராத்தான்ம்மா நிக்கறேன்.

— கவுன்டர்ல மட்டும் என்ன, சோபா போட்டா வச்சிருக்காங்க? ஷட்டர் தூக்கினதுலருந்து இறக்கற வரைக்கும் நிக்கத்தானே செய்யறீங்க. கஸ்டமரே இல்லன்னாலும் உட்காரக் கூடாது.

— உட்காரலாம். சாப்பிடற நேரத்துல, குடோன் படிக்கட்டுல.

— தமாஷ் பண்ணாதீங்க. அண்ணனும்தான் லைன்ல இருக்கார். உங்களை விட வயசு கூட. ஒரு நாள் முடியலன்னு சொல்லியிருக்காரா?

— உங்கண்ணன் உன்கிட்ட எதைத்தான் சொல்லியிருக்கார்?

— அவரை இழுக்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. இத்தனை மாசமா நம்ம கம்பெனி ஹெட் ஆபீஸ்ல நான் என்ன கணக்குப் போட்டுட்டிருந்தேன்னு தெரியும்ல?

— தெரியாம என்ன? சேல்ஸ்காரங்க சம்பளக் கணக்கு. தினமும் இந்த மேசையிலதானே லேப்டாப்பைத் திறந்து வச்சுட்டு, எதிர்ல புருஷன்னு ஒருத்தன் உட்கார்ந்திருக்கறதையே மறந்து போனே.

— அதுல என்ன வந்துச்சுன்னு கேளுங்க. ஆளுங்களை மூணாப் பிரிச்சேன். கவுன்டர்ல நிக்கறவங்க, போன்ல ஆர்டர் எடுக்கறவங்க, லைன்ல சுத்தறவங்க. ஒவ்வொருத்தருக்கும் எத்தனை வருஷம் அனுபவம், சம்பளமும் கமிஷனும் சேர்த்து எவ்வளவு வருது, ரெண்டையும் வச்சு வரைபடத்துல ஆளுக்கு ஒரு புள்ளி. நூத்திச் சொச்சம் புள்ளி.

— சரி.

— கவுன்டர்ல முதல் நாலஞ்சு வருஷம் ஏறுது. அப்புறம் கோடு படுத்துடுது. அஞ்சு வருஷம் நின்னவருக்கும் பதினஞ்சு வருஷம் நின்னவருக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. போன்காரங்க கதையும் கிட்டத்தட்ட அதேதான். லைன்ல மட்டும்தான் வருஷம் ஆக ஆக ஏறிட்டே போகுது. ஏதோ தற்செயலா வந்திருக்கும்னு தள்ள முடியாது, அதுக்குண்டான சோதனையெல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். கடைசில இருக்கறவங்க நீங்க வாங்கற மாதிரி ரெண்டு மடங்கு வாங்கறாங்க.

— அது சரி.

— அது சரின்னா? உங்க அனுபவத்துக்குக் கவுன்டர்ல மதிப்பு கிடையாதுங்க. லைன்ல உண்டு. இதை நான் சொல்லல, கணக்கு சொல்லுது. பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ் போகணும். என் சம்பளம் வாடகைக்கும் உங்கம்மா மருந்துக்குமே சரியாப் போகுது. உங்களை மறுபடி ஊர் சுத்த அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா? நீங்க லைன்ல இருந்தப்ப இந்த வீட்டை நான் ஒத்தையா இழுத்தது எனக்குத்தான் தெரியும். முடியல, அதான் கேக்கறேன்.

— தெரியும்மா. உனக்கும் முடியலதான். அந்தத் துண்டை எடு. உன் கணக்குல, லைன்ல பதினஞ்சு வருஷம் தாண்டினவங்க எத்தனை பேர்?

— ஒம்போது.

— நான் சேர்ந்தப்ப என் கூட மட்டும் இருபது பேருக்கு மேல லைனுக்கு எடுத்தாங்க. அவங்கெல்லாம் எங்க?

— வேலையை விட்டுட்டுப் போயிருப்பாங்க.

— உன் படத்துல அவங்களுக்குப் புள்ளி உண்டா?

— அது எப்படி இருக்கும்? இப்ப வேலையில இருக்கறவங்க விவரம்தானே எனக்குக் கொடுத்தாங்க.

— அதான். தாக்குப்பிடிச்சவனை மட்டும் எண்ணிட்டு, இருந்தா ஏறும்ங்கற. பாட்டுக்காரன்னு ஒருத்தன் இருந்தான். பஸ்ல ஏறினா இறங்கற வரைக்கும் பாடுவான், சுத்தி இருக்கறவங்க முறைச்சாலும் நிறுத்த மாட்டான். டார்கெட் முடியல முடியலன்னு அவன் வாயிலிருந்து பாட்டே நின்னுபோச்சு. அப்புறம் ஆளும் வரல. நெட்டையன்னு இன்னொருத்தன், பைக்கோட விழுந்து இடுப்பு போச்சு. இவங்களையெல்லாம் சேர்த்துக் கோடு போடு, அது எந்தப் பக்கம் போகுதுன்னு நானும் பார்க்கறேன்.

— சரிங்க, போனவங்க போயிட்டாங்க. இருக்கறவங்களுக்கு ஏறுதே, அது பொய்யா?

— பொய்யில்ல. எப்படி ஏறுதுன்னு தெரியுமா? லைன்ல ஒருத்தன் வேலையை விட்டு நின்னுட்டா புது ஆள் எடுக்க மாட்டாங்க. அவன் கடைங்களைப் பக்கத்து லைன்காரன் தலையில கட்டிடுவாங்க. கம்பெனிக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம். கடைக்காரருக்கும் தெரிஞ்ச முகம் வந்தாத்தான் பிடிக்கும். அந்தக் கடைங்க கமிஷன் இவனுக்கு வரும். வருஷம் கூடினதால ஏறலம்மா, பக்கத்துல ஒருத்தன் விழுந்தான், அதனால ஏறுச்சு. எனக்குக் கமிஷன் கூடின ஒவ்வொரு தடவையும் யார் போனான்னு என்னால சொல்ல முடியும்.

— இதை ஏங்க இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?

— கமிஷன் கூடின அன்னைக்கு வீட்டுல எல்லாரும் சிரிச்ச முகமா இருப்பீங்க. அப்பப் போய் பாட்டுக்காரன் கதையைச் சொல்ல மனசு வரல.

— நீங்க கவுன்டருக்கு வந்தப்ப உங்க கடைங்களை அண்ணன்தானே எடுத்துக்கிட்டார்?

— ஆமா. ஏற்கனவே ரெண்டு லைன் அவர் தலையில இருந்துச்சு. என்னோடது மூணாவது. கடை விவரமெல்லாம் வாங்கிக்கும்போது என் முகத்தையே பார்க்கல மனுஷன். மாப்பிள்ளை, உங்க கடைங்களைப் பத்திரமாப் பார்த்துக்கறேன்னார். ஏதோ என் புள்ளைங்களைத் தூக்கிட்டுப் போற மாதிரி.

— அண்ணன் அப்படித்தான்.

— அப்படித்தான்.

— சரி, நான் போட்டது பாதிக் கணக்குன்னே வச்சுக்குவோம். போனவங்க விவரத்தையும் கொடுங்கன்னு ஆபீஸ்ல கேட்டுப் பார்க்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இப்ப காலியா இருக்கற லைன், யார் போனதால காலியாச்சோ. நீங்க வேண்டாம்னா அவர் திரும்பி வரப் போறாரா? வேற ஒருத்தர் எடுத்துக்குவார். அந்தக் காசு ஏன் நம்ம வீட்டுக்கு வரக் கூடாது?

— கோவிக்கல. பஸ்ல வர்ற வழியெல்லாம் நானும் எனக்கு இதையேதான் சொல்லிக்கிட்டு வந்தேன்.

— அப்புறம் என்ன?

— ஒண்ணு கேக்கறேன். அந்தக் கணக்குல யாரையாவது வேணும்னே விட்டியா?

— விட்டேன். ஒரே ஒருத்தரை. ஏன் கேக்கறீங்க?

— ஏன் விட்டே?

— மத்த புள்ளியெல்லாம் ஒரு ஒழுங்கா வருது. அது ஒண்ணு மட்டும் எங்கயோ மேல தனியா நிக்குது. அதைச் சேர்த்தா மொத்தக் கோடும் அது பக்கம் சாயுது. இப்படி வந்தா அதை ஒதுக்கி வச்சுட்டுப் போடறதுதாங்க வழக்கம். ஒதுக்கினா என்ன காரணம்னு கீழ எழுதணும். எழுதினேன்.

— என்னன்னு எழுதினே?

— இந்த அனுபவத்துக்கு இந்தத் தொகை பொருந்தல, சரிபார்க்கவும்னு. டைப் பண்ணவங்க ஏதாவது நம்பரை மாத்திப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்.

— சரிபார்த்துட்டாங்க.

— நல்லதாப் போச்சு. தப்பா இருந்துச்சா?

— தப்பில்ல. மூணு லைன் பார்த்தா அவ்வளவு வரத்தான் செய்யும். உன் குறிப்பைப் பார்த்துத்தான், ஒருத்தருக்கு இவ்வளவு போகுதான்னு மேல இருக்கறவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, மேனேஜர்தான் சொன்னார். கூப்பிட்டு, கவுன்டருக்கு வந்துடுங்க, புது ஆள் சம்பளம்தான் தருவோம், இஷ்டமில்லன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. மத்தியானம் எழுதிக் கொடுத்துட்டார்.

— மூணு லைனா?

— ம்.

— என்கிட்ட வந்ததுல பேரே இல்லைங்க. வெறும் நம்பர்தான். கம்பெனி ஆரம்பிச்சப்ப சேர்ந்தவங்க நாலு பேர் இருந்தாங்க, நாலு பேருக்கும் ஒரே அனுபவம். எது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் ஒரு நாளாவது எவ்வளவு வாங்கறேன்னு என்கிட்ட சொல்லியிருந்தா...

— உக்காரு. உன்னை நான் ஒண்ணும் சொல்லல. நீ வேலையைத்தான் செஞ்சே.

— நீங்க அண்ணனைப் பார்த்தீங்களா?

— கடைக்கு வந்தார். சாம்பிள் பையைத் திருப்பிக் கொடுக்க. பத்து நிமிஷம் குடோன் படிக்கட்டுல என் கூட உட்கார்ந்திருந்தார். பையில்லாம நடக்கறது ஒரு மாதிரி இருக்கு மாப்பிள்ளைன்னார்.

— அந்தக் குறிப்பை நான்தான் எழுதினேன்னு அவருக்குத் தெரியுமா?

— தெரியாது. எழுதிக் கொடுத்துட்டு மேனேஜர் ரூமை விட்டு வெளியே வரும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கார். தங்கச்சி ரொம்பக் கஷ்டப்படறா, என் லைன்ல ஒண்ணையாவது வேற யாருக்கும் கொடுத்துடாம அவ வீட்டுக்காரருக்கே கொடுங்கன்னு.