துணைக்குப் போனவர்

“கையொடிஞ்சவனை உட்டுப்போட்டு, கூடப் போனவனைப் படுக்க வெச்சுட்டாரு அந்த டாக்டரு.”

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த ஐம்பது வயதுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கூடப் போனவர் அவரேதான்.

“ஏனுங்கண்ணா, டாக்டருக்குக் கண்ணு தெரியாதுங்களா?”

“நல்லாத் தெரியும். லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில ஏணியில இருந்து உழுந்த மச்சான், ஆஸ்பத்திரியே அதிரக் கத்தறான். அவரு அவனைத் தாண்டி என்னைப் பாக்கறாரு. ‘ஏனுங்க இப்படி வேர்க்குது?’ன்னாரு. வெயிலுங்கன்னேன். ‘ஃபேனுக்கடியிலதான நிக்கறீங்க’ன்னாரு.”

“அப்புறம்?”

“‘கத்தறவரு கொஞ்ச நேரம் தாங்குவாரு, நீங்க படுங்க’ன்னு உடனே ஈசிஜி எடுத்தாரு. ஹார்ட் அட்டாக்காம். நான்தான் பெரிய வைத்தியனாச்சே, காலையில இருந்து வாயுன்னு சோடாவாக் குடிச்சுட்டுத் திரிஞ்சேன்.”

“மச்சான் என்ன சொன்னாருங்க?”

“அவனைப் பாக்க வேண்டிய டாக்டரை நான் புடுங்கிட்டனாம். இன்னும் மொறைக்கறான்.”

“அவரு கைய ஒடிச்சுக்காம இருந்திருந்தா, நீங்க பேசாம ஊட்டுலயே இருந்திருப்பீங்க.”

“ஆமா, ஊட்டுலதான் இருந்திருப்பேன். செவுத்துல, மாலையோட.”