அடைப்பு இருக்காரா?

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கணக்கு வரும், எனக்கு அடைப்பு எடுக்க வரும். உடைந்த குடையிலிருந்து உருவிய கம்பி ஒன்று வைத்திருக்கிறேன், நுனியைக் கொக்கியாக வளைத்தது. அதைத்தான் நீங்கள் என் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். அதை அவ்வளவு உற்றுப் பார்க்க வேண்டாம் ஐயா. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிப் பழகிய கை. கல்யாணமான புதிதில் மனைவியின் வீட்டுக்குப் போயிருந்தபோது சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. புது மாப்பிள்ளை என்றால் விறைப்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்கு அடியில் புகுந்துவிட்டேன். தண்ணீர் கடகடவென்று இறங்கியதும் கைதட்டினார்கள். மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், "நமக்கு வாய்ச்சது அடைப்பு மாப்பிள்ளை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு முன்னால் சிரித்தவன் நான்தான்.

கொஞ்ச நாளில் அதில் 'மாப்பிள்ளை' உதிர்ந்துபோய் 'அடைப்பு' மட்டும் நின்றது. மச்சான் ஒருமுறை எங்கள் கடைக்கு வந்து, வாசலிலிருந்தே "அடைப்பு இருக்காரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து முதலாளிக்கும் நான் அடைப்புதான். வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருப்பேன், உள்ளேயிருந்து "அடைப்பு, இங்க வாங்க" என்று குரல் வரும். வந்தவர் என்னைப் புதுக் கண்ணாடி வழியாக மேலும் கீழும் பார்ப்பார். ஒருநாள் வீட்டில் என் போன் எங்கே என்று தெரியவில்லை. மனைவியின் போனிலிருந்து கூப்பிடலாம் என்று தேடினால் என் பெயரைக் காணோம். நம்பரை அழுத்தியதும் திரையில் 'அடைப்பு' என்று வந்தது. கேட்டேன். "எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்குவாங்களா?" என்றாள். தூக்கவில்லை. என் மூஞ்சி இயல்பாகவே அப்படித்தான்.

அவள் என்னை 'என்னங்க' என்று கூப்பிடுவாள். அதையும் சொல்லிவிட வேண்டும், அவளைப் பற்றித் தவறாக நினைத்துவிடக் கூடாது.

மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். எதையும் கேட்டுச் சரிபார்க்காமல் நகர்த்த மாட்டார். "பெல்ட் போட்டாச்சா? கண்ணாடி பாத்தாச்சா?" சாப்பாட்டு மேசையில்கூட "உப்பு இருக்கா? தண்ணி இருக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார். அவர் ஒரு படகு வாங்கினார். நாலு பேர் உட்காரும் சின்னப் படகு, பின்னால் மோட்டார். ஓட்டுவது அவர். கழுவுவது யார் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள்.

படகைப் பற்றி ஒன்று சொன்னால்தான் மற்றது புரியும். தரையின் இரண்டு மூலைகளிலும் துளை இருக்கும். மழைத்தண்ணீரும் தெறிக்கிற தண்ணீரும் அதன் வழியே தரைக்கு அடியில் இறங்கி, ஒரே குழாயில் சேர்ந்து, பின்புறம் அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போகும். படகு கரையில் நிற்கும்போது அந்த ஓட்டை திறந்திருக்கும். தண்ணீரில் இறக்கும் முன் கட்டைவிரல் பருமனுள்ள ரப்பர் துண்டை அதில் இறுக்கிச் செருக வேண்டும். படகுத்துறையில் அதற்கும் அடைப்பு என்றுதான் பெயர். ஆக, குழாயில் சேரும் குப்பையும் அடைப்பு, ஓட்டையை மூடும் ரப்பரும் அடைப்பு, இரண்டையும் பார்த்துக்கொள்கிறவனும் அடைப்பு. இவ்வளவு சொந்தபந்தம் எனக்கு வேறெங்கும் வாய்த்ததில்லை.

இறக்குவதற்கு முன் மச்சான் முன்னால் நின்று கேட்பார். "பெட்ரோல் இருக்கா?" நான் பின்னால் நின்று "இருக்கு" என்பேன். "கயிறு இருக்கா?" "இருக்கு." "அடைப்பு இருக்கா?" ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு "இருக்கு" என்பேன். நல்ல முறைதான். ஒருநாள் அவருடைய சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். மூன்றாவது கேள்வியை மட்டும் மரியாதையாக இழுத்து, "அடைப்பு இருக்காரா?" என்றார். நானும் சமர்த்தாக "இருக்கேன்" என்றேன். சிநேகிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ரப்பர் இருக்கிறதா என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவே இல்லை. மச்சான் மாதிரி ஓர் ஆள் இதைக் கவனிக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். நான் கவனித்தேன். நல்ல பிள்ளையாக ஒவ்வொரு முறையும் ரப்பரைச் செருகிக்கொண்டும் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நல்ல மழை. படகில் தண்ணீர் தேங்கி நின்றது. "அடைப்பு, கொஞ்சம் வந்து எடுத்துக் குடுத்துருங்க" என்று போன் செய்தார். காலையிலேயே போய்விட்டேன். மக்கிய இலை, கடலைத் தோல், பாட்டில் மூடி, பாதிச் சீப்பு ஒன்று, அதற்குப் பின்னால் கரிய சேறு. எல்லாம் வந்தது. இருக்கைகளுக்கு அடியிலிருந்த மிதவைச் சட்டைகளில் பூசண வாடை அடித்தது. எடுத்துக் கரையோரக் கம்பியில் காயப்போட்டேன். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன், நொடியில் பின்னால் கொட்டியது. நான் எடுத்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். கொஞ்சம் குப்பையை விட்டிருந்தால் அதுவே தண்ணீரை ஓரளவு தடுத்திருக்கும். அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.

ரப்பர் என் கால்சட்டைப் பையில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள்கூட நம்பிவிடுவீர்கள். ஒரு திருகாணியைத் தொலைத்தவன் என்றுகூட யாரும் என்னைச் சொல்ல முடியாது. நான் மறக்கவில்லை. மச்சான் நடுவழியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து முழிக்க வேண்டும், கரையில் எல்லோரும் சிரிக்க வேண்டும், ஒரே ஒருமுறை. அவ்வளவுதான் ஆசை. அவருக்கு நீச்சல் தெரியும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சானோடு துறைக்கு வந்திருந்த மனைவி படகில் ஏறுவதாகவே இல்லை. அவளுக்குத் தலை சுற்றும். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "அண்ணா, நானும் ஒரு ரவுண்டு வரேன்" என்றாள். நான்தான் கை கொடுத்து ஏற்றினேன். தரை ஈரமாக இருக்கிறது, வழுக்கும், பார்த்து உட்கார் என்றும் சொன்னேன். மச்சான் முன்னால் நின்றார். பெட்ரோல் இருக்கா, இருக்கு. கயிறு இருக்கா, இருக்கு.

"அடைப்பு இருக்காரா?"

நான் யோசிக்காமல் இல்லை ஐயா. கொஞ்சம் இருங்கள், ரப்பரைப் போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்புறம் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அடைப்பே அடைப்பை மறந்துவிட்டார் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். கடைக்கு வந்தும் சொல்வார். அவளும் சிரிப்பாள். அதை என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

"இருக்கேன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

படகு ஓடும்வரை அந்த ஓட்டையால் ஒன்றும் ஆகாது. நின்றால்தான் தண்ணீர் ஏறும். மச்சான் எப்போதும்போல் தண்ணீர் நடுவே கட்டியிருக்கும் எல்லை மிதவை வரைக்கும் போய் மோட்டாரை நிறுத்தினார். காற்றே இல்லாத காலை, பேச்சுக் குரல்கூடக் கரைக்குக் கேட்டது. முதலில் அவள் சிரித்தாள், காலெல்லாம் நனைகிறது என்று. அப்புறம் மச்சான் கத்தினார். "அடைப்பு! அடைப்பு!" என்னைக் கூப்பிடுகிறாரா, ரப்பரைத் தேடுகிறாரா என்று தெரியவில்லை. பெயர் வைத்தவருக்கே அந்த நேரத்தில் குழப்பமாக இருந்திருக்கும்.

துறையில் துடுப்புப் படகு ஒன்று தயாராகக் கட்டிக் கிடந்தது. உண்மைதான். ஆனால் என் கையெல்லாம் சேறு. வழுக்குகிற கையோடு துடுப்பைப் பிடிக்க முடியாது. குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். நகக்கண்ணில் போன சேறு லேசில் வராது, சோப்புப் போட்டுத்தான் கழுவினேன். திரும்பி வந்தபோது மச்சானின் குரல் இல்லை. அவள் "என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். 'என்னங்க' என்றால் அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

என் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன் ஐயா. இதை நேற்றே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரையும் கரைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தபோதும் அங்கிருந்தவர்களிடம் இதைத்தான் சொன்னேன்.

துறைக் காவலாளி உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார் என்கிறீர்கள். "அந்தம்மா கடைசியில யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லிக் கத்துனாங்க சார். அந்தப் பேர்ல இங்க யாருமில்ல." பாவம், அவருக்கும் என்னை அடைப்பு என்றுதான் தெரியும்.

அவர் சொல்வது சரிதான். கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத பெயரை, ஓர் எழுத்துக்கூட விடாமல், தெளிவாகச் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்கவும் அவ்வளவு நன்றாக இருந்தது. இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.