ஏடுகளை உலர்த்திய அரை மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் எப்போதும் ஜன்னல் சீட் கிடைக்கும். பதினோரு வருஷம் அதில்தான் செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் போனேன், கிஃபாயத்துல்லா பாயைப் பார்க்க. நான் சரித்திர வாத்தியார். பாயிடம் பாரசீகத்தில் எழுதிய ராஜாக்களின் சரித்திரம் ஒன்று இருந்தது. கையெழுத்துப் பிரதி, தங்கப் பூச்சோடு நாற்பத்தோரு படங்கள். படித்தவர்களைத் தர்பாரில் வைத்து ஆதரித்த ஒரு நவாபு, பாயின் முன்னோருக்குப் பரிசாகக் கொடுத்தது. பாய் வாசித்துத் தமிழில் சொல்வார். நான் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2004 டிசம்பரில் ஒருநாள் சொன்னார்: "இத்த மெட்ராஸ்ல ஒரு லைப்ரரிக்குக் குடுத்துடப் போறேன் சார். நாலு பேரு படிக்கட்டும். இங்க கெடந்து இன்னா பண்ணப் போவுது?"

நான் நாற்பத்தோரு படங்களையும் இன்னொரு முறை புரட்டிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு கடல் ஊருக்குள் வந்தது. சர்க்கரை வியாதியால் பாய்க்கு ஒரு காலை எடுத்திருந்தார்கள். மகள் நஜ்மா வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். முதலில் வந்தது முழங்கால் அளவுத் தண்ணீர்தான். நான் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். காகிதம் தண்ணீரைத் தாங்காது. மனிதன் கொஞ்ச நேரம் தாங்குவான்.

தண்ணீர் வடிந்தது. கீழே கட்டிலிலிருந்து பாய் கூப்பிட்டார். "சார், கொஞ்சம் கை குடுங்க. படி ஏறிக்கிறேன்."

பெட்டிக்குள் ஈரம் புகுந்திருந்தது. தையல் விட்டிருந்த ஏடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பரப்பினேன். "இதோ வரேன் பாய்" என்றேன்.

"புஸ்தகம் போனா போவுது சார், வாங்க."

அப்படிச் சொல்லக்கூடியவரிடம் அது இருந்திருக்கவே கூடாது.

அரை மணி நேரம் இருந்திருக்கும். தெருமுனையில் இரண்டாவது அலை தெரிந்தது. இறங்கிப் போய்ப் படிக்கட்டின் கீழ்க்கதவைச் சாத்தித் தாழிட்டேன். திறந்திருந்தால் தண்ணீர் மேலே ஏறிவிடும். பாய் அதற்குள் கதவு வரை தவழ்ந்து வந்திருந்தார். மூன்று முறை தட்டினார்.

புத்தகமும் போய்விட்டது என்று நஜ்மாவிடம் சொன்னேன். அவள் அப்பாவுக்காகத்தான் அழுதாள். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து, போன வாரம் எனக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்தவள் அலமாரியில் அதைப் பார்த்துவிட்டாள். நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்திருப்பது அதனால்தான். எடுத்துப் பாருங்கள், ஐயா. ஒரு படம்கூடக் குறையவில்லை. இவ்வளவு பத்திரமாக வேறு யாரும் காப்பாற்றியிருக்க மாட்டார்கள். வெயிலில் பரப்பியபோது ஏடுகளின் வரிசை மட்டும் கலைந்துவிட்டது. எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல பாய் இல்லை. எனக்குப் பாரசீகத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.