டெலஸ்கோப்புக்கு அடியில்

தேவகுமாரி: குண்டு இடது பக்கந்தானுங்க போயிருக்குது?

பொன்னுவேல்: சித்த இரு... பைனாகுலர்ல பனி அடைச்சுக்குது... ஆமா, இடது. மேலயும் ஏறியிருக்குது.

தேவகுமாரி: இப்பத்தானே டெலஸ்கோப் திருகை வலது பக்கம் திருப்புனேன்.

பொன்னுவேல்: திருப்புன. மொத ரெண்டு குண்டு நடுவுல போச்சு. மூணாவது ஒதுங்குச்சு. இது அதுக்கும் அக்கட்டால.

தேவகுமாரி: ஒரே துப்பாக்கி, ஒரே மணல்மூட்டை. குண்டு மட்டும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊருக்குப் போகுது.

பொன்னுவேல்: ஒண்ணு நாகலூரு, ஒண்ணு வாழவந்தி...

தேவகுமாரி: சிரிக்காதீங்க. நாளைக்குச் சேலத்துல செலக்சன். மாநில டீமுக்குப் பொம்பளைங்க ரெண்டே பேரத்தான் எடுப்பாங்க. நான் இங்க கல்லுக்குழியில படுத்துக்கிட்டுப் பாறைக்குப் பொட்டு வெச்சுட்டு இருக்கறேன்.

பொன்னுவேல்: பொட்டா? எந்தப் பொட்டு?

தேவகுமாரி: குண்டு பட்ட எடத்தச் சொன்னேன். அதுக்கு ஏன் இப்படி வெலவெலத்துப் போறீங்க?

பொன்னுவேல்: ஒண்ணுமில்ல... பனி. குளுருது.

தேவகுமாரி: டெலஸ்கோப்பத் தாங்கற மவுண்ட்டக் கழட்டிப் பாத்துரலாங்க. எங்கியோ ஆடுது.

பொன்னுவேல்: அதெல்லாம் ஆடாது. நானே என் கையால மாட்டுனது. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.

தேவகுமாரி: ஸ்க்ரூடிரைவர் குடுங்க.

பொன்னுவேல்: ஊட்ல இருக்குது.

தேவகுமாரி: உங்க சட்டைப்பையில நீட்டிட்டு இருக்கறது என்ன, ஊதுபத்தியா?

பொன்னுவேல்: இது... வேற ஸ்க்ரூவுக்கு. அதுக்குச் சேராது. நீ இன்னொரு குண்டு சுடு புள்ள. மூச்ச நல்லா உட்டுட்டு...

தேவகுமாரி: மூச்சு சரியாத்தான் இருக்குது... மவுண்ட் ஆடலேன்னா, பொறவு கண்ணுதான்.

பொன்னுவேல்: எந்தக் கண்ணு?

தேவகுமாரி: என்ர கண்ணு. போன மாசம் பள்ளிக்கூடத்துல, போர்டுல நான் எழுதுனதே எனக்கு மங்கலாத் தெரிஞ்சுது. உங்ககிட்டச் சொல்லலை.

பொன்னுவேல்: சாக்பீஸ் தூசியா இருக்கும்.

தேவகுமாரி: எத்தன நாளைக்குத் தூசின்னு சொல்லிக்கிட்டு இருக்கறது... நாளைக்கு நான் போகலைங்க.

பொன்னுவேல்: என்ன பேச்சு பேசற?

தேவகுமாரி: எங்கண்ணன் லூர்துராஜ்தான் அங்க ஸ்கோர் எழுதறாரு. அவரு முன்னால இப்படிச் சுட்டுப்போட்டு எந்திரிச்சு வரோணுமா?

பொன்னுவேல்: உங்கண்ணன் பேச்ச எடுக்காத. வேற சாமி கும்புடறவன நீ கட்டிக்கிட்டேன்னு, கண்ணாலம் ஆன நாள்ல இருந்து எங்கூட ஒரு வார்த்தை பேசாத மனுசன்.

தேவகுமாரி: அதுக்காவ நீங்களும் ஒரு தடவைகூடச் சுடற ரேஞ்சுப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல... உடுங்க. இனி யாரும் வர வேண்டாம். கிளப்புக்கு போன் பண்ணி, பேர எடுத்துரச் சொல்லிப்போடறேன். துப்பாக்கியையும் வித்துரலாம். மூட்டையத் தூக்குங்க. போலாம்.

பொன்னுவேல்: உன்ர கண்ணு இல்ல புள்ள.

தேவகுமாரி: பொறவு?

பொன்னுவேல்: சந்தனம்.

தேவகுமாரி: என்னது?

பொன்னுவேல்: ஆயுத பூசையன்னிக்கு... கவாத்துக் கத்தி, மருந்தடிக்கற மிசினு, மொபெட்டு, எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சனா...

தேவகுமாரி: தெரியும். மொபெட்டுக்கு மாலையே போட்டீங்க.

பொன்னுவேல்: துப்பாக்கிக்கு வெக்காதீங்கன்னு நீ சொல்லியிருந்த.

தேவகுமாரி: சொன்னேன்.

பொன்னுவேல்: அது மட்டும் மூலையில மொட்டையா நின்னுட்டு இருந்துச்சு. எனக்கு மனசே ஆறலை.

தேவகுமாரி: அதனால...

பொன்னுவேல்: பூஞ்சை புடிக்கும்னு டெலஸ்கோப்ப மவுண்ட்டோட கழட்டி அரிசி டின்னுல வெச்சிருந்தியல்ல. துப்பாக்கி மேல அந்த எடம் காலியா இருந்துச்சு. அங்க வெச்சா, மேல டெலஸ்கோப் வந்து உக்காந்துரும், உனக்குத் தெரியாதுன்னு...

தேவகுமாரி: அதான் நானே மாட்டித் தர்றேன்னு ஒத்தைக்கால்ல நின்னீங்களா?

பொன்னுவேல்: ஒரே ஒரு பொட்டு. நெல்லுமணி அளவுதான்.

தேவகுமாரி: இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல ஒரு முடி சிக்கினாலே குண்டு தள்ளிப் போகுங்க. நெல்லுமணியாம்... மூணு வாரமா வாயில என்ன வெச்சிருந்தீங்க?

பொன்னுவேல்: நெசமா இன்னிக்குத்தான் சந்தேகமே வந்துச்சு. நேரா போன குண்டு போகப் போக ஒதுங்குது பாத்தியா... பொட்டு காஞ்சு உதிருதோன்னு. ஆனா நீ திட்டுவீன்னு...

தேவகுமாரி: திட்டறது ஊட்டுக்குப் போயி. இப்பக் கழட்டுங்க.

பொன்னுவேல்: இந்தா... என்ன புள்ள இது, ஸ்க்ரூ வெரல்லயே சுத்துது. நான் பல்லக் கடிச்சுட்டு முடுக்குனேனே. பிசுபிசுன்னு எண்ணெய் வேற. மரைக்குள்ள வரைக்கும் எறங்கியிருக்குது. இத யாரு உட்டது?

தேவகுமாரி: மொதல்ல பொட்டப் பாருங்க. பாதி மாவா உதிர்ந்திருக்குது, பாதி பாறையாட்டம் நிக்குது. குங்குமம் வேற.

பொன்னுவேல்: குங்குமம் இல்லாம என்ன பொட்டு?

தேவகுமாரி: மண்ணெண்ணெய்த் துணி குடுங்க. ஸ்க்ரூவையும் நல்லாத் தொடைங்க... முடுக்கறப்ப ஒண்ணையே புடிச்சு முடுக்காதீங்க. இதுல கொஞ்சம், எதிர்மூலையில கொஞ்சம்.

பொன்னுவேல்: ஜீப் சக்கரத்துக்கு நட்டு போடறாப்பல.

தேவகுமாரி: அதேதான். இப்பத் துப்பாக்கியோட பின்பக்க போல்ட்ட உருவிட்டேன். பின்னால இருந்து குழாய் வழியாப் பாருங்க. பாறையில மாட்டுன குறி அட்டை நடுவுல தெரியுதா?

பொன்னுவேல்: தெரியுது. வட்டத்துக்குள்ள வட்டமா.

தேவகுமாரி: துப்பாக்கிய அசைக்காமப் புடிச்சுக்குங்க. டெலஸ்கோப்ல இருக்கற குறுக்குக் கோட்டையும் அதே எடத்துக்குக் கொண்டாந்துர்றேன்... ம்... ஆச்சு. தள்ளுங்க, சுடறேன்.

பொன்னுவேல்: ...ஒண்ணு... ரெண்டு... மூணு.

தேவகுமாரி: எங்க போச்சு?

பொன்னுவேல்: நாலாவதையும் சுடு.

தேவகுமாரி: எங்கன்னு சொல்லுங்க மொதல்ல.

பொன்னுவேல்: அஞ்சையும் சுட்டுட்டுக் கேளு.

தேவகுமாரி: ...சுட்டாச்சு. சொல்லித் தொலைங்க.

பொன்னுவேல்: அஞ்சு ஓட்டையையும் ஒரு காப்பிப் பழத்தால மூடிரலாம். நடுவுக்குச் சித்த கீழ. திருகை ரெண்டு கிளிக் ஏத்துனாப் போதும்.

தேவகுமாரி: அப்ப கண்ணு...

பொன்னுவேல்: கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல... ஏம்புள்ள, அழுவறியா?

தேவகுமாரி: ஆமா, அழுவறேன். உடுங்க. மூணு வாரமா பயந்து செத்துட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் உசுரு வந்துச்சு.

பொன்னுவேல்: என்ர தப்புத்தான்... ஆனா அந்த எண்ணெய்? பொட்டு மட்டும் இவ்வளவு ஆட்டம் ஆட்டாது.

தேவகுமாரி: அது... வேளாங்கண்ணி எண்ணெய்ங்க.

பொன்னுவேல்: எது?

தேவகுமாரி: மாதா கோயில்ல மந்திரிச்ச எண்ணெய். நீங்க மாட்டிக் குடுத்த அன்னிக்குச் சாயங்காலம், ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு வெச்சேன்.

பொன்னுவேல்: சந்தனம் வெக்காதீங்கன்னு சொன்ன நீயா?

தேவகுமாரி: அதான் வாயத் தொறக்கலை.

பொன்னுவேல்: மேல உங்க மாதா, அடியில எங்க சேர்வராயரு சாமி... நடுவுல மாட்டிக்கிட்டு டெலஸ்கோப் என்னதான் பண்ணும், பாவம்.

தேவகுமாரி: சிரிங்க, சிரிங்க.

பொன்னுவேல்: சரி, ரெண்டு பேரும் ஒண்ணத்தானே வேண்டியிருக்கறம். நீ ஜெயிக்கோணும்னு.

தேவகுமாரி: நான் அத வேண்டலைங்க.

பொன்னுவேல்: பொறவு என்ன வேண்டுன?

தேவகுமாரி: நான் படுத்துச் சுடறப்ப, என்ர முதுகுக்குப் பின்னால நீங்க வந்து உக்காந்திருக்கோணும்னு. எங்கண்ணன் பேசுனாப் பேசட்டும், பேசாட்டிப் போகட்டும்... நீங்க வந்து உக்காந்தாப் போதும்... கட்டாயம் இல்லீங்க. சும்மா சொன்னேன்.

பொன்னுவேல்: உன்ர துணிப்பையத் தொறந்து பாத்தியா?

தேவகுமாரி: இல்லியே. இனிமேத்தான் துணி எடுத்து வெக்கோணும். ஏனுங்க?

பொன்னுவேல்: அடியில என்ர வெள்ளைச் சட்டை இருக்குது, கசக்கிப்போடாத. முந்தாநாளே தேச்சு வெச்சுட்டேன்... உங்கிட்டச் சொல்லத்தான் வாய் வரலை.