கிரீஸ் வெச்ச நட்டு

— மாப்ள, டார்ச்ச இன்னுங் கொஞ்சம் கீழ புடி. எனக்கு சீட்டு தெரியுது, நட்டு தெரியல.

— இதுக்கு மேல கீழ புடிக்கோணும்னா நானும் உங்க பக்கத்துல படுக்கோணும் மாமா. மணி ஒம்பதரை. வெள்ளிக்கெழமை, பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். ரோட்டோரம் போர் போடற ரிக்கு லாரி நிக்குது. கோகுல்ராஜ் எப்பவோ ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டான்.

— டிரைவரு ஸ்டார்ட் பண்ணுனா போதுமா? ஓனரு ஏறோணுமில்ல.

— ஓனரு ரெண்டு பேரு. ஒருத்தன் டார்ச்சு புடிச்சிக்கிட்டு நிக்கறேன். இன்னொருத்தரு கக்கூசு பேசனுக்குப் பின்னால மல்லாந்து கெடக்கறீங்க. ராய்ப்பூர்ல போர் போட எடம் பாத்து வெச்சுட்டு ஒரு மாசமா போன் மேல போன் போடறாங்க.

— போடட்டும். உங்கக்காளுக்கு முட்டி ஆப்பரேசன் பண்ணி ரெண்டு மாசந்தான் ஆச்சு. குந்தவே கூடாதுன்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. அதுக்குத்தான இந்த வெஸ்டர்ன் டாய்லெட்டே வெச்சது? அவ உக்காந்து எந்திரிக்கையில சீட்டு ஒருபக்கமா நழுவுச்சுன்னா என்னாவறது? இது ஆடாம நின்னாத்தான் நான் வாசல் தாண்டுவேன்.

— இதையேதான் போன வெள்ளிக்கெழமையுஞ் சொன்னீங்க.

— போன வெள்ளிக்கெழமையும் ஆடுச்சே.

— அதுக்கு முந்தி புதங்கெழமை?

— அன்னிக்கும் ஆடுச்சு. நாஞ் சும்மா சொல்றனா? நீயும் வந்து ஆட்டிப் பாத்தீல்ல.

— பாத்தேன், பாத்தேன். ஆனா மாமா, நடுவுல ஒரு நாளும் ஆடறதில்ல. நாம கெளம்பற அன்னிக்குக் காத்தாலதான் ஆடுது. உங்க சீட்டு பஞ்சாங்கம் பாத்து லூசாவுமாட்ட இருக்குது.

— கேலி பண்ணாத. முப்பத்திரெண்டு வருசமா ரிக்கு ஓட்டறவன் நான். ஆயிரத்து இருநூறு அடிக்குப் பாறைய ஓட்ட போட்டிருக்கறேன். எங்கையில ஒரு சுண்டைக்காய் நட்டு நிக்க மாட்டீங்குதுன்னா மானக்கேடு. வெளிய சொல்லிராத.

— ஊருக்கே தெரியும். மொதல்ல வாங்குன நட்ட ரிக்கு ஸ்பேனர்ல முறுக்கி ஒடச்சீங்களாமா. புதுச்சத்திரத்து ஹார்டுவேர் கடைக்காரன் என்னயப் பாத்தாலே சிரிக்கறான்.

— பிளாஸ்டிக்குன்னு ஞாபகமில்ல. நட்டுன்னா கத்தற வரைக்கும் முறுக்கிப் பழகிப்போச்சு. அதான் இந்த வாட்டி கையாலதான் முறுக்குனேன்.

— ஏனுங்க, காப்பி ஆறுதுங்க. தம்பி, நீயாச்சும் வெளிய வந்து குடி சாமி. எந்நேரந்தான் அங்கியே நிப்பே?

— அக்கா, நீங்க ஏன் இத்தாந்தூரம் நடந்து வந்தீங்க? வாக்கர் எங்க?

— வாக்கர் வேண்டாமுன்னு டாக்டரு சொல்லி மூணு நாளாச்சு. உங்க மாமாதான் நம்ப மாட்டீங்கறாரு. சமையக்கட்டுல இருந்து வாசலுக்குப் போனாக் கூடப் பின்னாடியே வாராரு.

— பொன்னாத்தா, நீ போயி உக்காரு. ஈரந் தரை. இன்னும் அஞ்சே நிமிசம், முடிஞ்சுது.

— உங்க இஷ்டமுங்க.

— கேட்டியா மாப்ள? இதான். எதக் கேட்டாலும் 'உங்க இஷ்டமுங்க'தான். ரிக்குக்குப் போகட்டுமான்னாலும் அதே. போவ வேண்டாமான்னாலும் அதே. ரெண்டு மாசமா ஆம்பள ஊட்டுக்குள்ளயே சுத்துனா அவளுக்கும் சலிக்குமில்ல.

— அவங்க சலிச்ச மாதிரியா இருக்கறாங்க? பக்கத்தூட்டுப் பாவாயக்கா நேத்து ரோட்டுல நிறுத்தி வெச்சு சொல்லுது, நீங்க வாசல்ல கோலம் போடறீங்களாமா.

— அவளால குனிய முடியல. வாசல் வெறுமனே கெடந்தா நல்லாவா இருக்குது?

— நல்லாத்தான் இருந்துச்சாமா. போர்க்குழி மாதிரி ஒரு வட்டம், அதுக்குள்ளார இன்னொரு வட்டமாமா.

— சிரிடா, சிரி. அவளும் ஜன்னல் வழியாப் பாத்துட்டுக் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. முப்பத்தொரு வருசக் கல்யாணம் மாப்ள. அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நான் எங்க ஊட்டுல இருந்தேன்? மக கனிஷ்கா பொறந்தப்ப ஒடிசாவுல இருந்தேன். அவ வயசுக்கு வந்தப்ப ஆந்திராவுல. நம்ம ஊட்டு முருங்கமரம் காலையில எந்தப் பக்கம் நெழலு போடும்னு இந்த வருசந்தான் தெரிஞ்சுது.

— அப்ப போவாம இருங்களேன் மாமா.

— நல்லாச் சொன்ன. ஒரு வார்த்த அவ சொல்லாம நானா எப்பிடி நிக்கறது? ஆப்பரேசன் சாக்குல உக்காந்துட்டான், ஒளைக்கறதுக்கு சோம்பேறித்தனம்னு நெனச்சுக்குவா. சரி, டார்ச்சப் புடி. இதா, நட்டு கையிக்கு வந்துருச்சு. பாரு, தொட்டாலே சுத்துது.

— இங்க குடுங்க பாக்கலாம். என்ன மாமா இது, இப்பிடி வழுக்குது? கருப்பா வேற இருக்குது.

— கிரீசு.

— கிரீசுங்களா?

— ஏன், திரெட்டுன்னா கிரீஸ் வெக்காம மாட்டுவாங்களா? ரிக்கு ராடுக்கு வெக்கறதுதான். நல்ல கிரீசு. ஒவ்வொரு வாட்டியும் எச்சாவே வெச்சேன்.

— மாமா, ராடுக்கு எதுக்குக் கிரீஸ் வெக்கறோம்?

— அறுவது ராடு பூமிக்குள்ள போனாலும் திரும்பக் கழட்டையில லேசா வரோணும்னுதான்.

— இது எதுக்குங்க லேசா வரோணும்?

— அட, சண்டாளா. நானே என் கையால வழுக்க உட்டிருக்கறனா?

— பொறகு என்ன? கழல்றதுக்குன்னு வெச்ச கிரீஸ், அதுபாட்டுக்கு கழல வெச்சுது. இத்தன தடவ ராய்ப்பூர் போறது நின்னதுக்குக் காரணம் ஒரு வெரல் கிரீசு. எந்திரிங்க, ஈரஞ் சொட்டுது. அக்கா குளிக்கற ஸ்டூல இப்பிடிப் போடுங்க, நான் உக்காந்து பாக்கறேன். சோப்பும் பழந்துணியும் குடுங்க.

— இந்தா. நெம்பச் சிரிக்காத, அவளுக்குக் கேட்டுரும்.

— கேக்கட்டும். மொதல்ல இத நல்லாக் கழுவோணும். கழுவியாச்சா? இப்பத் தொடச்சுக் காய வெக்கோணும். கீழ ரப்பர் வாஷர் ஒண்ணு போடறேன். நட்டு கையால முறுக்கறேன், பொறகு கொறட்டுல கால் சுத்து. கத்த வெக்க வேண்டாம். பொறகு அதுக்குக் கீழ இன்னொரு நட்டு, ரெட்டையா. லாரி சக்கரத்துக்கே கழலாம இருக்கறதுக்கு ரெட்ட நட்டு போடறாங்களே, பாத்ததில்லையா? ரிக்குல மட்டும் வாழ்ந்தா இப்பிடித்தான்.

— எச்சாப் பேசாத. முறுக்கு.

— முறுக்கியாச்சு. நீங்களே உக்காந்து பாருங்க. இப்பிடி ஒருபக்கஞ் சாயுங்க. அந்தப் பக்கம். என்ன?

— மாப்ள, இது கல்லு மாதிரி நிக்குதுடா.

— நின்னுருச்சுங்களா? மணி பத்து அஞ்சு. ராகுகாலத்துக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் இருக்குது. பெட்டி வண்டியில ஏத்தியாச்சு. செருப்பப் போடுங்க மாமா. அக்கா, வாங்க, மாமாவ வழியனுப்பித் தாட்டி உடுங்க.

— பொன்னாத்தா, சீட்டு இனி அசையாது. ராத்திரி எந்திரிச்சாலும் பயமில்லாம உக்காரு. மாத்தரைய மறந்துராத. கோலம் பாவாயி போட்டுக் குடுப்பா, சொல்லியிருக்கறேன். நான் போயிட்டு வாரேன்.

— இருங்க. தம்பி, இனி இந்த நட்டு நெசமாலுமே கழலாதா?

— கழலாதுக்கா. கிரீஸெல்லாம் போயிருச்சு. ரெட்ட நட்டு வேற.

— ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு கையில திருகுனா?

— கையில திருகுனா வெரலுதான் வலிக்கும். கொறடு இல்லாம ஒரு நூலுகூட அசைக்க முடியாது. எதுக்குக்கா கேக்கறீங்க?

— அப்பிடியா. ஏனுங்க…

— சொல்லு, பொன்னாத்தா.

— இத்தன நாளு மாதிரி இனிமே கையில கழட்ட வராதுன்னா, வாயத் தொறந்துதான் சொல்லோணும். போவாதீங்க.