ஐஸ் வைக்க வர்றவ

மெதுவா சார், மெதுவா... போதும், அவ்ளோ மடக்குனாப் போதும். உக்காருங்க தேவசகாயம் சார். காலைலேர்ந்து வீடு வீடாப் போய் பிசியோதெரபின்னு எத்தனை பேர் முட்டியை மடக்கிட்டு வர்றீங்களோ. தண்ணி அங்க இருக்கு பாருங்க, எடுத்துக்குங்க.

எப்படி விழுந்தேனா? விழவேயில்ல சார், அதான் வெக்கக்கேடு. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸ்ல, கீழ விழுந்த பேனாவை எடுக்கக் குனிஞ்சேன். முட்டிக்குள்ள டக்குன்னு ஒரு சத்தம். ஜவ்வு கிழிஞ்சிருக்காம். சின்னதா ஓட்டை போட்டு சரி பண்ணிடலாம், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்னாரு டாக்டர். ஆனா கூட ஒரு ஆள் இருக்கணுமாம். ஆபரேஷனை விட அதுதான் சார் எனக்குப் பெரிய பாடாப் போச்சு. பக்கத்து வீட்டு யூசுப் பாய் இருந்தா வந்திருப்பார், அவர் தங்கச்சி நிக்காஹ்னு பீதர் ஊருக்குப் போயிட்டார். நர்ஸம்மா நம்பர் சொல்லுங்க, நம்பர் சொல்லுங்கன்னு நின்னுக்கிட்டே இருக்காங்க. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது ஒரே நம்பர்தான். சொல்லிட்டேன்.

அனுபமா நம்பர். என் வீட்டுக்காரி. ஹவ் சார், ஆமா, கல்யாணம் ஆனவன்தான். அதான் வீட்டைச் சுத்திப் பாக்குறீங்களாக்கும்! அவ குகட்பள்ளில தனியா இருக்கா, ஸ்கூல் டீச்சர். விவாகரத்தெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு நாள் பெட்டியை எடுத்துட்டுப் போனா. நானும் போய்க் கூப்பிடல, அவளும் திரும்பி வரல. அப்படியே வருஷம் ஓடிருச்சு. யார் மேல தப்பா? நக்கோ சார், வேணாம், அதை விடுங்க.

அவ வரமாட்டான்னுதான் நெனச்சேன். கண்ணு முழிச்சுப் பாத்தா, பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. டாக்டரைத்தான் தெலுங்குல தொளைச்சு எடுத்தா. ஆட்டோல வர்றப்ப என் காலைத் தூக்கித் தன் மடில வச்சுக்கிட்டா. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆஹிஸ்தா பையா, ஆஹிஸ்தா, மெதுவாப் போன்னு ஆட்டோக்காரன்கிட்ட கத்துறா. அப்பவும் என் மூஞ்சியைப் பாக்கல சார்.

அன்னையோட சரின்னு பாத்தா, மறுநாளும் ஸ்கூல் விட்டு பஸ் மாறி வந்து நிக்கிறா. இப்ப தினம் சாயங்காலம் வர்றா. முட்டிக்கு ஐஸ் வைப்பா, குக்கர்ல சோறும் ரசமும் வைப்பா, வீடா இது, இப்படியா குப்பையாப் போட்டு வச்சிருப்பீங்கன்னு திட்டுவா. ஆபீஸ்ல தெலுங்கு, கடைல ஹிந்தி, வீட்டுக்கு வந்தா டிவியோட சத்தம். என்னைத் தமிழ்ல ஒருத்தர் திட்டி எவ்ளோ காலமாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? திட்டி முடிச்சுட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிடுவா. அப்புறம் அந்தக் குக்கர் ஆறுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

நேத்துப் போறப்ப வாசல்ல நின்னு, இது எப்ப சரியாகும்னு கேட்டா. தெரியலயேன்னேன். சரியானதும் சொல்லுங்க, அப்புறம் நான் எதுக்கு அலையணும்னா.

என்னது, கால் சரியாயிருச்சு, இனிமே நீங்க வர வேணாம்கிறீங்களா? அதைத்தான் சார் சொல்ல வர்றேன். கீழ கேட் சத்தம் கேக்குதே, அவதான். அவ கேட்டா, இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு சொல்லுங்க. கால் போன வாரமே சரியாப் போச்சு. காலைல நானே மாடி இறங்கிப் போய்ப் பால் வாங்கிட்டு வந்தேன். இப்ப அவ உள்ள வந்ததும் நொண்டுவேன், நீங்க சிரிச்சுடாதீங்க.